போட்டி ஓட்டத்துக்கு எந்த வயதில் எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 1500 மீட்டரில் வருவாய் மாவட்ட அளவில் வென்றிருக்கிறாள். எனக்கு 43 வயது. முதல் முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். படிப்பு, வேலை, குடும்பம் ஆகியவற்றுக்கு நடுவே போட்டி ஓட்டத்துக்கு எந்த வயதில் எவ்வளவு முன்னுரிமை தருவது சரி?

பதில்:

உங்கள் வீட்டில் இரண்டு ஓட்டக்காரர்கள் இருக்கிறீர்கள், இருவரும் நின்றிருக்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். 1990களில் பள்ளியில் 800, 1500 மீட்டர் ஓடி, மாநிலப் போட்டி வரை சென்று, 19 வயதில் நிறுத்திவிட்டு, 36 வயதில் மறுபடியும் ஓடத் தொடங்கியவள் நான். இப்போது எனக்கு 48 வயது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது, நம் வீடுகளில் இந்த முன்னுரிமையைத் தலைகீழாகவே பங்கிடுகிறோம் என்பதுதான். 13 வயதுக் குழந்தையின் ஓட்டத்துக்கு அளவுக்கு மீறித் தருகிறோம். அதே குழந்தைக்கு 19 வயதாகும்போது முற்றிலும் பிடுங்கிவிடுகிறோம். பிறகு 40 வயதைக் கடந்தபின் நமக்கு நாமே அள்ளி வழங்கிக்கொள்கிறோம்.

பள்ளிப் பருவத்திலிருந்து தொடங்குகிறேன். குறுவட்டப் போட்டியிலும் வருவாய் மாவட்டப் போட்டியிலும் 13, 14 வயதுப் பிரிவில் வெல்பவர்களில் பலர் மற்றவர்களைவிட முன்னதாக வளர்ந்துவிட்ட பிள்ளைகள். ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்குள் உடல் வளர்ச்சியில் இரண்டு, மூன்று ஆண்டு வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதால், அந்த வயதின் தங்கப் பதக்கம் திறமையை எவ்வளவு சொல்கிறதோ, அதே அளவுக்கு வளர்ச்சியின் வேகத்தையும் சொல்கிறது. (பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு வருபவர்களின் கதை தனி. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.) பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. 14 முதல் 17 வயதுக்குள் உடலமைப்பு மாறும்போது ஓடி முடிக்கும் நேரம் ஓராண்டோ இரண்டாண்டோ குறையாமல் அப்படியே நின்றுவிடலாம், சற்று மோசமாகவும் ஆகலாம். அதைச் சோம்பல் என்று எண்ணித் திட்டுவதும், எடை கூடிவிட்டது என்று சாப்பாட்டைக் குறைப்பதும்தான் ஒரு நல்ல ஓட்டக்காரியைக் கெடுக்கும் விரைவான வழி. பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாமல் மாதவிடாய் நின்றுபோனால் அது கடும் உழைப்பின் அடையாளமல்ல. எலும்பு வலுவிழக்கத் தொடங்குகிறது என்ற எச்சரிக்கை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆகவே உங்கள் மகளுக்கு வாரம் நான்கு, ஐந்து நாள் பயிற்சி போதும். அதில் கடுமையானவை இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். பத்தாம் வகுப்பு என்பதற்காக முழுவதுமாக நிறுத்தவும் வேண்டாம். தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்கள் நாளுக்கு அரை மணி நேர எளிய ஓட்டமாகக் குறைத்துக்கொண்டால் ஜூன் மாதத்தில் அவள் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு அவளைத் துணைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பெரும்பாலான முழு மாரத்தான்களில் 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

விளையாட்டு ஒதுக்கீட்டுக்காகத்தான் ஓட விடுகிறோம் என்று சில பெற்றோர் கூச்சத்துடன் சொல்வார்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; இரயில்வேயும் இராணுவமும் காலங்காலமாக ஓட்டக்காரர்களை எடுத்து வருகின்றன. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டமே படிப்பைப் போன்றதொரு ஏணி. அந்த வீட்டில் அதன் முன்னுரிமை என் வீட்டிலோ உங்கள் வீட்டிலோ இருப்பதைவிட இயல்பாகவே அதிகமாக இருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்து இராணுவத்தில் பணியாற்றிய கோ. லட்சுமணன், 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு 27 வயது. எந்த மட்டத்துச் சான்றிதழ் எந்த வேலைக்கு, எந்தப் படிப்புக்குச் செல்லும் என்பதை மட்டும் அறிவிக்கையில் வரிக்கு வரி படித்துவிட்டு நம்புங்கள். அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தும் ஒரு விண்ணப்பத்துக்கும் உதவாமல் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

லட்சுமணனின் அந்த 27 வயதுதான் நான் சொல்ல வரும் முக்கியமான இடத்துக்குக் கொண்டுவருகிறது. நடுத்தொலைவு, நெடுந்தொலைவு ஓட்டத்துக்கான இதயமும் நுரையீரலும் தசைநாரும் ஓரிரு ஆண்டுகளில் உருவாகிவிடுவதில்லை. பல ஆண்டுப் பயிற்சி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இருபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகே பெரும்பாலானோரின் சிறந்த நேரம் வருகிறது. 2003இல் பாரிஸ் உலகப் போட்டியில் 18 வயதில் 5000 மீட்டர் தங்கம் வென்ற எலியுட் கிப்சோகே போன்றவர்கள் விதிவிலக்கு. அவரும்கூட 2012 இலண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் இடம் கிடைக்காமல், அடுத்த ஆண்டு மாரத்தானுக்கு மாறிய பிறகுதான், ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்றவராக இன்று நாம் அறிந்த கிப்சோகே ஆனார். நம் ஊரிலோ பன்னிரண்டாம் வகுப்புடன் ஓட்டத்தை மூட்டை கட்டிவிடுகிறோம், அதாவது பயிர் கதிர் விடும் நேரத்தில் தண்ணீரை நிறுத்துகிறோம்.

என்னுடைய நிறுத்தத்தில் நாடகம் எதுவும் இல்லை. கல்லூரி விடுதியின் வாயிற்கதவு காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும், எட்டரைக்கு ஆய்வகம். முதல் ஆண்டு முழுவதும் விடுதிக்குள்ளேயே கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் தேறவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பா, "ஓடினது போதும்மா, இனிமே படிப்பைப் பார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை. பதக்கம் போய்விட்டதே என்று நான் வருந்தியதில்லை. நான் எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவள் என்பதை அறிந்துகொள்ளும் ஆண்டுகள் அவை, அந்த விடை எனக்குக் கடைசிவரை தெரியாது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

எனவே 18 முதல் 23, 24 வயது வரையிலான காலத்தில் ஓட்டத்துக்கு முதலிடம் தரலாம் என்பது என் கருத்து. ஆனால் அது நிபந்தனையுடன் கூடிய முதலிடம். தேசியப் போட்டிக்கான தகுதி நேரத்துக்கும் அவளுடைய நேரத்துக்கும் இடையிலான இடைவெளி ஒவ்வோர் ஆண்டும் குறைகிறதா, காலை மாலை இரு வேளையும் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளர் இருக்கிறாரா, பட்டப்படிப்பு மெதுவாகவாவது நகர்கிறதா என்ற மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காதீர்கள். காயம் எதுவும் இல்லாமலேயே இரண்டு போட்டிப் பருவங்கள் தொடர்ந்து நேரம் குறையவில்லையென்றால் ஓட்டத்தை இரண்டாம் இடத்துக்கு இறக்கலாம். அப்போதும் அது வீணான காலமாகாது. விட்ட பட்டத்தை 26 வயதில் முடித்தவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். விட்ட 1500 மீட்டரை 36 வயதில் எடுத்துப் பார்த்தவள் நான். அது வேறொரு ஓட்டம்.

25 முதல் 35 வரையிலான காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அந்த ஆண்டுகளில் நான் ஓடவேயில்லை. வங்கி வேலை, திருமணம், குழந்தை, மாமியாரின் நீண்ட நோய் என்று போயிற்று. குழந்தை பெற்ற பிறகு ஓடுவது பற்றிப் பேசும்போது பலர் கென்ய ஓட்டக்காரி ஃபெயித் கிப்யேகோனைக் காட்டுவார்கள். 2018இல் மகளைப் பெற்றெடுத்த அவர் 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றதும், 2023இல் ஃபுளோரன்சில் 1500 மீட்டரை 3 நிமிடம் 49.11 விநாடி என்ற அன்றைய உலக சாதனை நேரத்தில் ஓடியதும் உண்மை. அவருக்கு ஓட்டம்தான் தொழில், அதைச் சுற்றிப் பயிற்சிக் குழுவே இருந்தது என்பதும் உண்மை. எனக்கு அதைவிட உதவியாக இருந்திருக்கக்கூடிய முன்மாதிரி ஜப்பானின் யூகி கவாவுச்சி. பள்ளி அலுவலகத்தில் முழுநேர அரசு வேலை பார்த்துக்கொண்டு, மற்றவர்கள் இரு வேளை செய்த பயிற்சியை ஒரு வேளையாகச் சுருக்கி, வார இறுதிப் போட்டிகளையே கடும் பயிற்சியாக்கிக்கொண்டு, 2018இல் கொட்டும் குளிர் மழையில் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். அவரைப்போல வெல்லச் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு ஐந்தாம் இடம் கொடுத்தாலும் அது ஓர் இடம்தான் என்கிறேன். வாரத்தில் மூன்று நாள், இருபது இருபது நிமிடம் ஓடியிருந்தால் 36 வயதில் முதல் ஆறு மாதங்களை முழங்கால் வலியுடன் கழித்திருக்க மாட்டேன்.

இனி உங்கள் விஷயம். நாற்பதை ஒட்டித் தொடங்குபவர்களுக்கு ஒரு மயக்கம் காத்திருக்கிறது. புதிதாக ஓடுபவருடைய நேரம், எந்த வயதாக இருந்தாலும், ஐந்தாறு ஆண்டுகள் குறைந்துகொண்டே வரும். புகைபிடிப்பவராக இருந்து 35 வயதில் ஓடத் தொடங்கிய பிரிட்டனின் பிரிசில்லா வெல்ச், 42 வயதில், 1987 நியூயார்க் மாரத்தானை வென்றார். இது போன்ற கதைகளும் நம் கைக்கடிகாரம் காட்டும் எண்களும் சேர்ந்து, நமக்கு இளமை திரும்பிவிட்டது என்று நம்ப வைக்கின்றன. உடல் முதுமையடைவது நிற்கவில்லை. பயிற்சியின் பலன் அதைச் சில ஆண்டுகள் மறைத்து வைக்கிறது.

2018இல் எனக்கு 41 வயது. முந்தைய மாரத்தானை 3 மணி 58 நிமிடத்தில் முடித்திருந்தேன்; 2019 ஜனவரியில் மும்பையில் 3:45 ஓட வேண்டும் என்பது இலக்கு. வாரம் 70 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று வைத்தால் அது ஏழரை மணி நேரம்தானே என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மைதானத்துக்குப் போய் வருவது, உடற்பயிற்சி, குளியல், ஞாயிறு பகல் தூக்கம் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. உண்மையான செலவு அதுவும் அல்ல. காலை மூன்றே முக்காலுக்கு எழுபவள் இரவு ஒன்பது மணிக்கு யாருக்கும் பயன்பட மாட்டாள். மகன் அப்போது பத்தாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் வந்து உட்காருவான், ஒருநாள் சொன்னான்: "அம்மா, நீ பக்கத்துல இருந்தாலும் தூங்கிட்டுத்தான் இருக்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்துவிட்டு மறுநாள் மூன்றே முக்காலுக்கு எழுந்து போனேன்.

டிசம்பரில் கால் முன்னெலும்பில் மயிரிழை விரிசல். ஓடுபவர்கள் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று சொல்வதுதான். இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருந்தது. மும்பைக்குப் போகவில்லை. அந்த ஜனவரியும் பிப்ரவரியும் மகனுடன் விழித்திருந்தேன் என்றால் அது என் அறிவால் அல்ல, காலில் இருந்த விரிசலால்.

மாரத்தானை விட்டுவிடுங்கள் என்று இதற்குப் பொருளில்லை. மும்பையும் சென்னையும் ஒவ்வொரு ஜனவரியிலும் வருகின்றன. உங்கள் மகளின் பத்தாம் வகுப்பும் அவளுடைய மாநிலப் போட்டியும் ஒரே ஒருமுறை வரும். முதல் மாரத்தானை நேர இலக்கில்லாமல் முடிக்க வாரம் நான்கு நாள் பயிற்சி போதும். காலையில் அவளை மைதானத்தில் விட வேண்டிய நாளும் உங்கள் பயிற்சி நாளும் மோதினால், அவள் உள்தடத்தில் ஓடட்டும், நீங்கள் மைதானத்துக்கு வெளியே சுற்றுங்கள். அன்று உங்கள் அட்டவணை என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டாம்.

அறுபதுக்குப் பிறகு இந்த முன்னுரிமை மறுபடியும் ஏறலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இளமையில் இங்கிலாந்தில் ஓடிவிட்டு, கனடாவுக்குக் குடிபெயர்ந்து சுரங்கப் பொறியாளராக வேலை பார்த்து, ஓட்டத்தை விட்டிருந்து, நாற்பதுகளில் திரும்பி வந்த எட் விட்லாக், 2003இல் 72 வயதில் மாரத்தானை 2:59:10இல் ஓடி, எழுபதைக் கடந்து மூன்று மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதரானார். அடுத்த ஆண்டு 2:54:48. வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுவார். நம் ஊரில் அப்படி ஓடினால் வேப்பிலை அடிக்க ஆள் வந்துவிடும். ஓய்வு பெற்றவர் ஓட்டத்துக்கான மூன்று மணி நேரத்தை, 41 வயதில் நான் எடுத்ததைப்போல, வீட்டில் வேறு யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. மூத்தோர் தடகளத்தில் 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுப் பிரிவுகள் இருப்பதால் போட்டிக்கும் குறைவில்லை. நானும் 50 வயதுப் பிரிவுக்காகத்தான் காத்திருக்கிறேன். இப்போதைக்குப் பயிற்சி வாரம் நான்கு நாள், மொத்தம் 35 கிலோமீட்டர்; போட்டி என்றால் 5000 மீட்டர்.

மகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று இன்றே செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு போட்டியிலும் அவள் ஓடிய நேரம், தேதி, மண் தடமா சிந்தெடிக் தடமா, எத்தனையாவது இடம், அன்று உடல்நிலை எப்படி என்று அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 18 வயதில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசும்போது அந்த நோட்டு நடுவில் இருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. அன்று அப்பாவிடம் காட்ட என்னிடம் இருந்தவை சான்றிதழ்கள் மட்டுமே. அவற்றில் எனக்குக் கிடைத்த இடம்தான் எழுதியிருந்தது, நான் ஆண்டுக்கு ஆண்டு எத்தனை விநாடி வேகமாகிக்கொண்டிருந்தேன் என்பது எதிலும் இல்லை.