எல்எல்எம் முடித்தால் சட்டத்தரணி ஆகலாமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "கலைமாணிப் பட்டம் பெற்று, ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சர்வதேசப் பாதுகாப்பு, மனித உரிமை, உலக வணிகம் மூன்றும் சேர்ந்த எல்எல்எம்மை இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்தால் இங்கே சட்டத்தரணி ஆகலாம், கணவரையும் மகனையும் கூட்டிப் போகலாம் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. முற்பணம் கட்டலாமா?"

கட்டாதீர்கள். சொன்ன இரண்டுமே பிழை.

எல்எல்எம் என்பது சட்ட முதுமாணி. எங்கே படித்தாலும் அது மட்டும் உங்களைச் சட்டத்தரணி ஆக்காது. அதற்கு வழி புதுக்கடைச் சட்டக் கல்லூரிதான்: நுழைவுப் பரீட்சை, படிப்பு, பயிற்சி, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம்.

அடுத்தது குடும்பம். 2024 ஜனவரி முதல், வகுப்புக்குப் போய்ப் படிக்கும் முதுமாணி மாணவர்கள் பிரித்தானியாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அரசாங்கப் புலமைப்பரிசிலில் போகிறவருக்கு விலக்கு உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கவனமாக வாசியுங்கள். பல்கலைக்கழகம் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு அதற்கும் 'ஸ்கொலர்ஷிப்' என்றுதான் பெயர் வைக்கும். அது வெறும் கட்டணக் கழிவு. கடிதத்தில் அந்தச் சொல் இருக்கிறதென்று காட்டினாலும் நம்பாதீர்கள். பணம் தருவது ஓர் அரசாங்கமா என்று மட்டும் பாருங்கள்.

மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்சிக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கும். ஆகவே உங்களுக்குப் பொருந்துவதை விட, கமிஷன் வருவதைத்தான் முதலில் காட்டுவார்கள். மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் அவர்கள் கையில் விடாதீர்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகக் கட்டுங்கள். இந்த விதிகளை எளிய தமிழில் ஒரே இடத்தில் எழுதிப் போட்டிருந்தால் இவர்களுக்குப் பிழைப்பே இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

சரி, படிப்பு வீணா? இல்லை, உங்கள் வேலைக்கு நல்லது. சட்டமாணி (எல்எல்பி) பட்டம் இல்லாதவரையும் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கும். ஆனால் ஒரு வருடத்தில் மூன்று துறையும் கைவராது. தலைப்பை விடுங்கள், பாடப் பட்டியலைக் கேளுங்கள். 1966ஆம் ஆண்டின் ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளும், கம்பனிகளின் பொறுப்பு பற்றிய 2011ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டிக் கொள்கைகளும் அதில் இருந்தால் உங்களுக்குப் பொருந்தும். முழுக்க வணிக நடுத்தீர்ப்பும் (நீதிமன்றம் போகாமல் நடுவரை வைத்துப் பிணக்கைத் தீர்ப்பது) முதலீடுமாக இருந்தால் அது வேறு ஆளுக்கு.

பணம் கட்டுமுன் வோர்ட் பிளேஸிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். அப்புறம், பிரித்தானிய அரசின் சீவனிங் புலமைப்பரிசிலைப் பாருங்கள். 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்பார்கள். தொண்டு நிறுவன வேலையையும் கணக்கில் எடுப்பார்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஏஜென்சியும் தேவையில்லை.