பண்புசார் ஆய்வு எனக்குப் புதிது. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இதுவரை எண்களை வைத்துத்தான் ஆய்வு செய்திருக்கிறேன். முதன்முறையாக, மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் அலசும் பண்புசார் ஆய்வு ஒன்றை வடிவமைத்து நடத்த வேண்டும். ஐந்து புத்தகம் எடுத்து வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது? எத்தனை பேரைப் பேட்டி எடுத்தால் போதும்? எந்த மென்பொருள் நல்லது?

புத்தகங்கள் அங்கேயே இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு பேட்டி எடுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம், பயிற்சிக்காக என்று சொல்லிவிட்டே, அரை மணி நேரம். ஆய்வில் அதைச் சேர்க்கப் போவதில்லை. பதிவு செய்ததை நீங்களே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் எழுதுங்கள், உங்கள் 'ம்ம்', 'ஓகே' உட்பட. அதற்குப் பிறகு அந்த ஐந்தில் எதைத் திறந்தாலும் உங்களைத் திட்டி எழுதியது போலவே இருக்கும். அப்போது படித்தால் ஏறும்.

நான் தலைகீழாகச் செய்தவன். பிசியோதெரபிஸ்ட். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள், சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. இரண்டு மாதம் படித்து, 34 கேள்விகளோடு போனேன். முதல் பேட்டி 19 நிமிடத்தில் முடிந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிவிட்ட திருப்தியோடு திரும்பினேன். எழுதிப் பார்த்தபோது பாதிக்கு மேல் நான் பேசியதுதான் இருந்தது. அந்த அம்மா சொன்னதெல்லாம் 'ஆமா சார்', 'செய்றேன் சார்', 'கொஞ்சம் வலிக்கும்'. ஓர் இடத்தில் மட்டும், 'கம்பை ஓரமா வச்சுட்டு நடக்க ஆரம்பிச்சதும் வீட்ல யாரும் என்னை பேஷன்ட்டா பார்க்கலை சார்' என்றிருக்கிறார். அதற்கு நான் சொன்னது: 'சரிம்மா. அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்றீங்க?'

அந்த வரிக்குப் பக்கத்தில் என் கைடு சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இங்கே என்ன அவசரம்?'

நான் செய்தது பேட்டியே இல்லை, கேள்வித்தாளை வாயால் வாசித்திருக்கிறேன். எண் ஆய்விலிருந்து வருகிற பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அங்கே எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்பதுதான் ஒழுங்கு. இங்கே எதிரில் இருப்பவர் எதை முக்கியம் என்று நினைக்கிறார் என்பதே தரவு. அவர் கதவைத் திறக்கும்போது நீங்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தால், 30 பேரைப் பேட்டி எடுத்தாலும் உங்களுக்கு முன்பே தெரிந்ததுதான் கையில் வரும்.

இதில் இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கும், பிரித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கேள்வி நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்வது. பேட்டிக் கேள்வி எதிரில் இருப்பவரைக் கேட்பது. முதலாவதை அப்படியே தூக்கி இரண்டாவதாகப் போடக் கூடாது. 'ஏன் பயிற்சியை நிறுத்துனீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி முழிப்பார்கள். 'ஏன்' என்றாலே நம் காதில் குற்றச்சாட்டு விழுகிறது, உடனே காரணம் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் இதைத்தான் சொல்வார்: ஏன் என்று கேட்காதே, எப்படி என்று கேள். நான் கடைசியில் கேட்டது, 'ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க'. அந்த ஒன்றுக்கே சிலர் இருபது நிமிடம் பேசினார்கள். 34 கேள்விகளில் மிஞ்சியது ஆறு. மற்றபடி 'அப்புறம்?', 'அப்படின்னா?', பிறகு மௌனம். மௌனம்தான் கஷ்டம். அவர் பேசி நிறுத்தியதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிலேயே பெரும்பாலும் அவரே தொடர்வார்.

வடிவமைப்பு என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எண் ஆய்வில் திட்டத்தைப் பூட்டிவிட்டுக் களத்துக்குப் போவோம். இங்கே முதல் இரண்டு மூன்று பேட்டிகளும் திட்டத்தின் பகுதிதான். பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடையே செய்த களப்பணியிலிருந்து 1967-ல் கிரவுண்டட் தியரி என்ற முறையை எழுதினார்கள். அதன் உயிர்நாடி இதுதான்: எல்லாவற்றையும் சேகரித்துவிட்டுப் பிறகு அலசுவது கிடையாது, முதல் பேட்டியிலிருந்தே அலசல் தொடங்குகிறது, அடுத்து யாரிடம் போவது என்பதை அந்த அலசல் சொல்கிறது. நீங்கள் அந்த முறையைப் பின்பற்றாவிட்டாலும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவின் ஒரு வாக்கியத்தால்தான், நோயாளிகளிடம் மட்டும் பேசினால் போதாது, வீட்டில் இருப்பவர்களிடமும் பேச வேண்டும் என்று திட்டத்தை மாற்றினேன். அறநெறிக் குழுவிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, மூன்று வாரம் போனது. திட்டம் மாறலாம் என்பதை முதல் விண்ணப்பத்திலேயே எழுதி வைத்திருந்தால் அந்த அலைச்சல் குறைந்திருக்கும்.

நிகழ்வியல், இனவரைவியல், ஒற்றை நிகழ்வாய்வு என்று முறைகளின் பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கேள்வி தேடாதீர்கள். கேள்வி தெளிந்தால் முறை பெரும்பாலும் தானாகவே குறுகி வரும்.

எத்தனை பேர்? எல்லோரும் 12 என்பார்கள். கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண் அது. கானாவிலும் நைஜீரியாவிலும் எடுத்த 60 பேட்டிகளைத் திரும்ப அலசி, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் (பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் நாம் வைக்கும் சுருக்கப் பெயர்கள்) வந்துவிட்டன என்று காட்டினார்கள். ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான பெண்களிடம், குறுகிய தலைப்பில், எல்லோரிடமும் ஒத்த கேள்விகள். அதையெல்லாம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிய்த்து எடுத்து மேற்கோள் காட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கிர்ஸ்டி மால்டெரூடும் சகாக்களும் 2016-ல் சொன்ன 'தகவல் வலிமை' என்ற யோசனை எனக்கு அதிகம் உதவியது: நோக்கம் எவ்வளவு குறுகலோ, பேசுபவர்களின் அனுபவம் தலைப்போடு எவ்வளவு நெருக்கமோ, உரையாடல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு குறைந்த ஆட்கள் போதும். மொத்தத்தில் எத்தனை பேர் என்பதை விட எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பாருங்கள். குலுக்கல் முறை இங்கே வேலைக்கு ஆகாது. பயிற்சியைத் தொடர்ந்தவர், விட்டவர், தொடங்கவே தொடங்காதவர் என்று தேடிப் பிடித்தேன்.

இன்னொன்றை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். நான் பிசியோதெரபிஸ்ட், என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நோயாளி. 'செய்றேன் சார்' என்று அவர் சொன்னது தேர்வில் பாஸாகும் முயற்சி. வெள்ளைக் கோட்டைக் கழற்றினேன், நான் சிகிச்சை கொடுக்காதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன், அழைப்பையும் வேறொருவர் மூலம் விடுத்தேன். அப்படியும் அந்தத் தேர்வு மனநிலை முழுதாகப் போகவில்லை. போகாது. நீங்கள் யார் என்பது பேச்சில் கலந்தேதான் இருக்கும். அதை மறைக்காமல் ஒவ்வொரு பேட்டி முடிந்ததும், என்னிடம் ஏன் இப்படிச் சொன்னார், வேறொருவரிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று அரைப் பக்கம் குறித்து வையுங்கள். அலசும்போது அந்த நோட்டுதான் துணை.

அலசலில் நான் செய்த முட்டாள்தனம்: முதல் சுற்றில் 'வலி', 'நேரம்', 'குடும்பம்' என்று குறியிட்டேன். அவை என் சொந்தக் கேள்விகளின் தலைப்புகள், வெறும் அலமாரிச் சீட்டுகள். பேசியவர் என்ன செய்கிறார் என்று வினையாகக் குறியிடச் சொன்னார் கைடு. 'குடும்பம்' என்பது 'நலமாகிவிட்டதாக மற்றவர்கள் முடிவு செய்வது' ஆனது. கைத்தடியை ஓரமாக வைத்த நாள் வேறு சில பேட்டிகளிலும் ஒளிந்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. வீட்டு வேலைகள் திரும்ப வந்து சேர்ந்த நாளும், பயிற்சி நின்ற நாளும் பலருக்கு அதுவே. ஒருவர் மட்டும் பொருந்தவில்லை. கைத்தடியையும் விட்டார், வீட்டு வேலையும் செய்தார், பயிற்சியையும் விடவில்லை. அவரை விதிவிலக்கு என்று ஒதுக்க ஆசையாக இருந்தது. ஒதுக்காமல் திரும்பத் திரும்பப் படித்ததில்தான், அவர் வீட்டில் இன்னொருவரும் கூடவே பயிற்சி செய்தார் என்பது தெரிந்தது. பொருந்தாத ஆளிடம் அதிக நேரம் செலவழியுங்கள்.

விர்ஜினியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் 2006-ல் எழுதிய ஆறு கட்டக் கருப்பொருள் அலசல் (குறியீடுகளைச் சேர்த்துப் பெரிய கருத்துகளாகத் தொகுப்பது) புதியவர்களுக்கு நல்ல கைப்பிடி. அதை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் 'கருப்பொருள்கள் வெளிப்பட்டன' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை அவர்கள் இருவருமே ஏற்பதில்லை. தரவுக்குள் எதுவும் ஒளிந்து உட்கார்ந்திருக்கவில்லை, நீங்கள்தான் உருவாக்குகிறீர்கள், அதற்குப் பொறுப்பும் நீங்களே.

பேட்டி தமிழில், அறிக்கை ஆங்கிலத்தில் என்றால், குறியிடுவதைத் தமிழிலேயே செய்யுங்கள். என் பேட்டிகளில் அதிகம் வந்த சொல் 'முடியலை'. கால் மடங்கவில்லை என்பதற்கும் முடியலை, நேரம் இல்லை என்பதற்கும் முடியலை, உடம்பு சரியில்லை என்பதற்கும் முடியலை, அலுத்துவிட்டது என்பதற்கும் அதே முடியலை. முதலில் மொழிபெயர்த்து அலசிய இரண்டு பேட்டிகளில் நான்கையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டு மூடியிருந்தேன். ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, குரலை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது.

'இது ஒருதலைப்பட்சம் இல்லையா, பொதுமைப்படுத்த முடியுமா' என்று உங்கள் பழைய துறை நண்பர்கள் கேட்பார்கள். ஆய்வு முறையியலாளர்கள் லிங்கனும் கூபாவும் 1985-லேயே நம்பகத்தன்மைக்கு வேறு நான்கு அளவுகோல்களைக் கொடுத்துவிட்டார்கள், படித்து வைத்துக்கொள்ளுங்கள். 2007-ல் வந்த கோரெக் பட்டியலில் 32 அம்சங்கள் உண்டு. அறிக்கை எழுதும்போது சரிபார்க்க வேண்டிய பட்டியல் அது, ஆனால் முதல் பேட்டிக்கு முன்பே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பேட்டி எடுத்தவருக்கும் கொடுத்தவருக்கும் முன்பே என்ன உறவு என்றெல்லாம் கேட்கும். முடித்த பிறகு பார்த்தால் கைபிசைய வேண்டியதுதான்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு கடமை முடியாது. ஒருவர் பேச்சின் நடுவே அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதிவை நிறுத்திவிட்டு, தொடரலாமா வேண்டாமா என்று அவரையே கேட்பது என்ற எளிய விஷயம் அப்போது தோன்றவில்லை. பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வயது, வேலை, வீட்டு நிலவரம் மூன்றையும் சேர்த்து எழுதினால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மென்பொருள் பற்றி: என்விவோ, அட்லஸ் டிஐ எல்லாம் அடுக்கி வைக்கும், தேடித் தரும், யோசிக்காது. பத்துப் பதினைந்து பேட்டிக்கு அச்செடுத்த தாளும் நான்கு வண்ணப் பேனாவும் போதும். கணினியில்தான் வேண்டுமென்றால் டாகெட் இலவசம். குரலை எழுத்தாக்கும் செயலிகள் பேச்சு வழக்கில் தடுமாறும். தவிர, ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை எந்த சர்வரில் ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள், ஒப்புதல் படிவத்தில் அது இருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், புதியவருக்கு இன்னும் கூடும். முதல் மூன்றையாவது நீங்களே எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு பேட்டிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரே வாரத்தில் ஐந்து எடுத்து, ஒன்றைக் கூடப் படிக்காமல் ஆறாவதற்குப் போனேன், ஐந்து பேரிடமும் செய்த அதே தவறோடு.