மூணு மா நிலத்தை அடகு வைக்காதீர்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா, பிளஸ் டூ முடித்த மகளோடு வந்திருந்தார். "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான்னு அவ மாமா ஒத்தக் கால்ல நிக்கிறார் சார். மூணு மாவை அடகு வெச்சா சீட் வாங்கிடலாம்" என்றார்.

அண்ணே, நிலத்தைத் தொடாதீர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷம் வந்தால் வட்டியை யார் கட்டுவது? சீட் கேட்பது மாமா. பிள்ளை கேட்கவில்லை.

அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? ஒரு குறு விண்மீன் மண்டலத்தின் (சிறிய கேலக்ஸியின்) நிறமாலையை, அதாவது அதன் ஒளியைப் பிரித்துக் காட்டும் படத்தை வரைந்து, 4686 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் வரும் ஹீலியம் கோட்டைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள். அந்தக் கோடு பளிச்சென்று தெரிய, ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானையும் பிடுங்க வேண்டும். அதற்கு 54.4 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும், ஹைட்ரஜனுக்கு 13.6 போதும். ஸ்விக்கி 18 என்ற சிறு மண்டலத்தில் ஆக்சிஜன் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அங்கே இந்தக் கோடு தெரிகிறது. ஆக்சிஜன் மாதிரிக் கன தனிமங்கள் குறைந்தால் விண்மீன்கள் அதிகச் சூடாக எரியும், கதிரும் கடுமையாகும். அதை வைத்துக் கணக்குப் போட்டாலும் இந்தக் கோட்டுக்குப் போதவில்லை. மிச்சத்தைத் தருவது எக்ஸ்-கதிர் வீசும் இரட்டை விண்மீன்களா, மேலடுக்கை இழந்த விண்மீன்களா என்று இன்னும் முடிவாகவில்லை. உங்கள் பெண் கேட்டதும் இதையேதான்!

கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள். ராமானுஜன் படித்த கல்லூரி. கட்டணமும் உங்கள் கைக்கு அடங்கும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருஷம் பிப்ரவரியில், மேற்படிப்புக்கான ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு: மூன்று மணி நேரம், 60 கேள்வி. முதல் வருஷமே கணக்கை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், இயற்பியல் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். தேறினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், அங்கே உதவித்தொகை உண்டு. வேறிடத்தில் எம்.எஸ்சி. முடித்து நெட் (NET) தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000. தொலைநோக்கியால் வானத்தை அளந்த ஸ்லோன் வான்கணக்கெடுப்பின் நிறமாலைகள் இணையத்தில் இலவசம். பைதான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டால் கல்லூரியிலிருக்கும்போதே ஆக்சிஜனின் 4363 ஆங்ஸ்ட்ராம் கோட்டை அளந்து வாயுவின் வெப்பநிலையையும், அதிலிருந்து ஆக்சிஜன் அளவையும் அவளே கணக்கிடலாம். ஆராய்ச்சி வேலை வாய்க்காவிட்டாலும் தரவுகளை அலசத் தெரிந்தவளுக்குப் பிழைக்க வழி உண்டு.

எட்டு, ஒன்பது வருஷம் ஆகும். நிரந்தர வேலை குறைவு. அதை அவளிடமே சொன்னேன். தலையாட்டிவிட்டு, ஜாம் பாடத்திட்டம் எங்கே கிடைக்கும் என்றாள்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் இணையத்தில்தான், கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள். மாமா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள்.