கிராஃப்ட் பீர் குடித்துக்கொண்டே உடம்பைக் கட்டுக்குள் வைக்க முடியுமா?

தஞ்சாவூரில் இருக்கிறீர்கள், மாதம் ஒருமுறை பெங்களூரு போகும்போது கிராஃப்ட் பீர் (சிறிய ஆலைகளில் குறைந்த அளவில் தயாராகும் பீர்) குடிப்பீர்கள், எடை ஏறக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பீரில் கலோரி பெரும்பாலும் ஆல்கஹாலிலிருந்துதான் வருகிறது. ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி, சர்க்கரை 4தான். அதனால் மெனுவில் முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 330 மில்லி, 4.5 சதவீத கோதுமை பீர் ஏறக்குறைய 140 கலோரி. அதே அளவு 7 சதவீத ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற கசப்பான பீர் வகை) 200ஐத் தொடும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் 4 சதவீதம் என்றால், இந்த ஐபிஏவைவிட இலேசானது.

ஆல்கஹால் உள்ளே போனதும் கல்லீரல் அதைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு எரிவது அதுவரை தள்ளிப்போகும். கூடவே பசியும் கிளம்பும். சிக்கன் 65, மிக்சர், அப்புறம் ராத்திரி பரோட்டா சால்னா என்று போனால் தொப்பைக்கு பீரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்னைக் கேட்டால், தேங்காய் கொஞ்சமாகப் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல் போதும். வயிறும் நிறையும், புரதமும் கிடைக்கும்.

நடை நல்லதுதான். புது ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால், 70 கிலோ ஆளுக்கு 250 முதல் 300 கலோரி போகும். அதாவது இரண்டு கோதுமை பீர். குடித்த அன்றைக்கு இரவு நடக்க வேண்டாம். நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள், மறுநாள் சாயங்காலம் நடக்கலாம். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.