டிக்கிக் கதவா, கூரையா? காரில் சைக்கிள் ரேக் மாட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்களிடம் இருப்பது மாருதி ஸ்விஃப்ட். சென்னையிலிருந்து மாதம் ஒரு முறையாவது ஏலகிரி, ஏற்காடு என்று இரண்டு சைக்கிளோடு கிளம்புகிறோம். ஒன்று ஹைப்ரிட் (ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த ரகம்), ஒன்று எம்டிபி (மலை சைக்கிள்). ரேக் மூவாயிரத்துக்கும் கிடைக்கிறது, முப்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ரேக்கைப் பார்ப்பதற்கு முன் காரின் பின்புறத்தைப் பாருங்கள். பட்டையால் இழுத்துக் கட்டும் டிக்கி ரேக்தான் உங்கள் தேவைக்கு முதலில் தோதாகப் படும். அதைத் தாங்குவது டிக்கிக் கதவின் மேல் விளிம்பில் மாட்டும் இரண்டு கொக்கிகள். அந்த விளிம்பு மடித்த தகடாக இருக்க வேண்டும். இப்போது வரும் பல ஹேட்ச்பேக்குகளில் அங்கே ஸ்பாய்லர் என்னும் துடுப்பு போன்ற பாகம் உட்கார்ந்திருக்கிறது. கார் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருப்பதால் தகடு போலத் தெரியும். தட்டிப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் என்று புரியும். சந்தேகமாக இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப்போய் வையுங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. நழுவினால் அந்த இடத்தில் கொக்கி போடக் கூடாது. முதல் பயணத்தில் ஒன்றும் ஆகாது. அதிர்வில் ஸ்பாய்லரின் திருகு உட்காரும் இடத்தில் மெல்லிய கீறல் விடும், பிறகு ஒரு நாள் பிளக்கும். கண்ணாடியின் விளிம்பில் கொக்கி மாட்டுவதும் அதே கதைதான், ரேக் தயாரிப்பாளர் அதற்கென்றே தனிக் கொக்கி கொடுத்திருந்தால் தவிர.

அடுத்தது எடை. அட்டைப்பெட்டியில் ‘3 சைக்கிள்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ என்று பொடி எழுத்தில் தேடுங்கள். 15 கிலோ என்பது சாதாரணமாகக் காணும் அளவு. அலுமினிய ஹைப்ரிட் அதற்குள் அடங்கிவிடும். முன் சஸ்பென்ஷன் வைத்த விலை குறைந்த எம்டிபி 15 முதல் 18 கிலோ வரை போகும். வீட்டு எடைக் கருவியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, வெறுமனே ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். பாட்டில், பூட்டு, சீட்டுப் பை எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டால் இரண்டு கிலோவாவது குறையும்.

மூன்றாவது அகலம். இதை யாரும் கடையில் சொல்வதில்லை. ஒரு சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.7 முதல் 1.85 மீட்டர். ஸ்விஃப்டின் அகலம் 1.735 மீட்டர்; ஆக, குறுக்கே மாட்டினால் சக்கரம் ஓரிரு அங்குலம்தான் வெளியே நீளும். இதையே 1.62 மீட்டர் அகலமுள்ள வேகன்ஆரிலோ 1.49 மீட்டர் ஆல்டோவிலோ மாட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சாணாவது துருத்திக்கொண்டு நிற்கலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது அந்தச் சாண்தான் பிரச்சினை. சின்ன காராக இருந்தால் முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு மாட்டுங்கள்.

இந்த மூன்றும் சரியாக வந்தால், ஆறு பட்டை உள்ள ரேக்காக வாங்குங்கள்: மேலே இரண்டு, பக்கத்தில் இரண்டு, கீழே இரண்டு. நான்கு பட்டை ரேக்கில் பக்கவாட்டுப் பட்டை இருக்காது. வளைவில் ரேக் ஊசலாடி, ரப்பர் பாதம் பெயின்ட்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். விலை வித்தியாசம் தெரிவது பட்டையிலும் பக்கிளிலும்தான். பல்லுள்ள உலோக பக்கிள் பட்டையைக் கவ்விப் பிடிக்கும். மலிவு ரேக்கில் பக்கிளின் பல் மழுங்கலாக இருக்கும், கொக்கியின் மேல் ரப்பர் உறை இருக்காது, பட்டையின் தையல் ஒற்றை வரியாக ஓடியிருக்கும்.

மாட்டும் முறைக்கு வருவோம். முதலில் கதவையும் ரப்பர் பாதத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். கீறலுக்குக் காரணம் பெரும்பாலும் ரேக் அல்ல, இடையில் சிக்கிய மணல். ரேக்கின் கால்களைக் கையேட்டில் உங்கள் காருக்குச் சொன்ன கோணத்தில் பூட்டிக்கொண்டு, மேல் கொக்கிகளை மாட்டி இறுக்குங்கள். பிறகு கீழ்ப் பட்டை, கடைசியாகப் பக்கப் பட்டை. முதல் சைக்கிள், காரை ஒட்டி, கனமானதாக இருக்கட்டும். இரண்டாவதை முகம் மாற்றித் திருப்பி மாட்டினால் ஹேண்டில்பார்கள் மோதாது. பெடல் அடுத்த சைக்கிளின் ஆரத்தில் குத்தாதபடி திருப்பி விடுங்கள். சக்கரங்களை ஃபிரேமோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் சுற்றிக்கொண்டே வரும். தொங்கும் பட்டை நுனிகளை முடிந்து வையுங்கள். டயர் எதுவும் சைலன்சர் வாய்க்கு நேராக இருக்கக் கூடாது. மலை ஏறும்போது வரும் சூட்டில் ரப்பர் வெந்துவிடும். ரேக் மாட்டியிருக்கும்போது பின் கண்ணாடியின் வைப்பரை ஓட்டாதீர்கள். பத்து கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி எல்லாப் பட்டைகளையும் மறுபடி இழுங்கள். புதுப் பட்டை கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும்.

கேள்வி: டிக்கியில் மாட்டினால் நம்பர் பிளேட் மறைகிறது. போலீஸ் பிடிப்பார்களா? அட்டையில் எண்ணை எழுதி சைக்கிளில் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: பிடித்தால் வாதாட இடமில்லை. பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் ரேக்குக்கென்று பின்விளக்குகளும் வண்டி எண்ணும் சேர்ந்த தனிப் பலகை ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றுதான் தரப்படுகிறது. அட்டையில் எழுதியது அதற்கு ஈடாகாது.

செய்யக்கூடியது, சைக்கிளை உயரத்தில் தூக்கிப் பிடிக்கும் ரேக்காகத் தேர்ந்தெடுப்பது. மாட்டி முடித்ததும் பத்தடி பின்னால் தள்ளி நின்று மொபைலில் ஒரு படம் எடுங்கள். எண் முழுதும், இரண்டு பிரேக் விளக்கும், இண்டிகேட்டரும் படத்தில் தெரிந்தால் கிளம்பலாம். தெரியாவிட்டால் அந்தக் காருக்கு அந்த ரேக் ஆகாது, வேறு வழி பாருங்கள். ரிவர்ஸ் சென்சார் ஓயாமல் கத்தும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். காமிராவில் சக்கரம்தான் தெரியும்.

கேள்வி: கூரை ரேக் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே? என் காரில் ரூஃப் ரெயில் கம்பெனியிலிருந்தே வந்தது.

பதில்: கம்பெனியிலிருந்து வந்தது என்பதால் பாரம் தாங்கும் என்று அர்த்தமில்லை. நம் சந்தையில் அழகுக்காக ஒட்டிய ரெயில்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கார் கையேட்டில் ‘கூரைச் சுமை’ என்று கிலோ கணக்கு கொடுத்திருந்தால் மட்டுமே நம்புங்கள். அந்த எண்ணில் ரேக்கின் எடையும் அடக்கம். கையேடு 50 கிலோ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்குக் கம்பி இரண்டும் சேர்ந்து 5 கிலோ, சைக்கிள் பிடிக்கும் தடம் இரண்டு சேர்ந்து 8 கிலோ. மிச்சம் 37 கிலோதான் சைக்கிளுக்கு. இரண்டு சைக்கிள் தாராளமாகப் போகும், மூன்றாவதை மறந்துவிடுங்கள். ரெயிலே இல்லாத கூரைக்குக் கதவுச் சட்டத்தைக் கவ்வும் கால்கள் உண்டு. அவை கார் மாடலுக்குத் தக்கபடி மாறும் என்பதால் உங்கள் காருக்கான பொருத்துக் கிட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

தடங்களில் மூன்று ஜாதி. ஃபிரேமைக் கையால் பிடிப்பது போலக் கவ்வுவது ஒன்று. தூலே நிறுவனத்தின் ஃப்ரீரைடு 532 இதில் 17 கிலோ வரையும், புரோரைடு 598 20 கிலோ வரையும் தாங்கும். முன் சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கை, அதாவது அந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் கவையை, பூட்டுவது இரண்டாவது. ஆட்டமே இருக்காது, ஆனால் உங்கள் முன் சக்கர அச்சு எது என்று தெரிந்திருக்க வேண்டும். நெம்பைத் திருப்பிக் கழற்றும் பழைய குயிக் ரிலீஸ் என்றால் 9 மி.மீ.; ஃபோர்க்கை ஊடுருவிப் போகும் தடித்த அச்சான த்ரூ ஆக்ஸில் ரோடு சைக்கிளில் பெரும்பாலும் 12×100 (விட்டம் × அகலம், மி.மீ.), எம்டிபியில் 15×100 அல்லது 15×110. மாற்றி வாங்கினால் மாட்டாது. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மடித்த அட்டையையோ செருகுங்கள். யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் நுழையாது. மூன்றாவது, சக்கரத்தை மட்டுமே பிடிப்பது. தூலே அப்ரைடு 599 அந்த வகை.

கூரை ரேக்கின் உண்மையான எதிரி உங்கள் மறதி. 1.53 மீட்டர் உயரமுள்ள ஹேட்ச்பேக், அதன் மேல் கம்பியும் தடமும் 15 செ.மீ., அதற்கு மேல் சைக்கிள் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்: மொத்தம் 2.7 மீட்டர். அடுக்குமாடிகளிலும் மால்களிலும் அடித்தளப் பார்க்கிங்கின் நுழைவில் 2.1 மீட்டர் என்று எழுதியிருக்கும். மூன்று மணி நேரம் ஓட்டிக் களைத்து வீடு திரும்பும்போது கூரையில் சைக்கிள் இருப்பதே நினைவில் இருக்காது. பார்க்கிங் கேட் ரிமோட்டை டிக்கியில் வைத்துவிடுங்கள்; அதை எடுக்க இறங்கித்தானே ஆக வேண்டும்?

கேள்வி: என் ரோடு சைக்கிள் கார்பன் ஃபிரேம். ஃபிரேமைக் கவ்வும் ரேக் பரவாயில்லையா?

பதில்: வேண்டாம். கார்பன் குழாய் ஓட்டுபவரின் எடையைத் தாங்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து ஒரே இடத்தில் நசுக்குவதைத் தாங்க அடுக்கப்பட்டதல்ல. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இழை பிளந்திருக்கலாம். விசை அளவை மீறாமல் நிறுத்தும் திருகும், கார்பனுக்கான காப்புத் துண்டும் சில மாடல்களுக்குக் கிடைக்கின்றன. இருந்தாலும் சக்கரத்தைப் பிடிக்கும் தடமோ ஃபோர்க் தடமோதான் நிம்மதி. மேல் குழாயில் தொங்கவிடும் டிக்கி ரேக்கும் கார்பனுக்கு ஆகாது.

கேள்வி: என் மகளின் லேடீஸ் சைக்கிளுக்கு மேல் குழாயே இல்லை. எப்படித் தொங்கவிடுவது?

பதில்: சீட் குழாய்க்கும் ஹேண்டில்பார் தண்டுக்கும் இடையே மாட்டும் நீண்டு சுருங்கும் கம்பி தனியாகக் கிடைக்கும். அதைத் தொங்கவிட்டால் போதும். கம்பிக்கும் எடை வரம்பு உண்டு, பாருங்கள். சீட் தண்டின் கிளாம்ப் தளர்வாக இருந்தால் சைக்கிள் சீட்டை மட்டும் விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: இரண்டு எலெக்ட்ரிக் சைக்கிள், ஒவ்வொன்றும் 24 கிலோ. எஸ்யூவி இருக்கிறது. டோ ஹிட்ச் (பின்னால் வண்டி இழுக்கப் பொருத்தும் கொக்கி) போட்டு அதில் ரேக் மாட்டலாம் என்கிறார் ஆக்சசரீஸ் கடைக்காரர்.

பதில்: கனமான சைக்கிளுக்கு, சக்கரங்களை மேடையில் நிறுத்தும் வகை ஹிட்ச் ரேக்தான் சரியான கருவி; இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதே இல்லை. சிக்கல் ஹிட்ச்சில். மாடலுக்கென்று செய்யப்பட்டு, சேஸியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போடும் ஹிட்ச் ஒன்று. பட்டறையில் ஆங்கிளை வெட்டி வெல்டிங் வைப்பது இன்னொன்று. இரண்டாவதைத் தொடாதீர்கள். வாரண்டி போகும், பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் காத்திருக்கிறது. கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஹிட்ச் மேலிருந்து எத்தனை கிலோ தாங்கும் என்னும் செங்குத்துச் சுமை வரம்பையும் கேளுங்கள். ரேக் 18 கிலோ, சைக்கிள் 48, ஆக 66 கிலோ. பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வைத்தால் ஐந்தாறு கிலோ இறங்கும், மழைக்கும் நல்லது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ரேக்கின் பக்கிள் மூன்றாவது வாரமே நழுவி, சைக்கிள் தரையில் உரசியது. திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. 7 நாள் என்பது தளம் தானாக வைத்த வசதி. பொருளில் குறை இருந்தால் கேட்கும் உரிமை அதோடு முடிவதில்லை. முதலில் ரேக்கை அப்படியே வையுங்கள், சரிசெய்யாதீர்கள். பக்கிளின் பல், பட்டை நழுவிய தடம், உரசிய சைக்கிள் எல்லாவற்றையும் படமெடுங்கள். பெட்டியில் உள்ள எம்ஆர்பி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி ஒட்டியிருக்கும் லேபிளையும் படமெடுங்கள். லேபிளே இல்லையென்றால் அதுவே தனிக் குற்றம். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: ‘கையேட்டில் சொன்னதை விட அதிக எடை ஏற்றினார்’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். சைக்கிளின் எடையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு சைக்கிள்தான். வருடத்துக்கு நாலு முறை வெளியூர். எந்த ரேக் வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். பின் சீட்டை மடித்து, பழைய போர்வை ஒன்றை விரியுங்கள். முன் சக்கரத்தைக் கழற்றி, செயினைப் பின்னால் சின்ன பல்சக்கரத்துக்கும் முன்னால் பெரியதற்கும் மாற்றி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். பின் கியரை மாற்றும் டிரேலியர் கீழே சிக்கினால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும். ஃபோர்க் நுனி இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் அச்சைச் செருகுங்கள், சைக்கிள் கடையில் புது சைக்கிளோடு வந்ததைச் சும்மாவே கொடுப்பார்கள். நடு சீட் பெல்ட்டை ஃபிரேமுக்குள் விட்டுப் பூட்டிவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் பாயாது. செயின் எண்ணெய் சீட் துணியில் பட்டால் போகவே போகாது. செயின் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றிவிடுங்கள்.