மூடுபனியில் விமானம் இறக்கிய விளக்குகள்: கேட்டவர்களுக்குப் பதில்

இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டனில் மூடுபனியிலும் இருட்டிலும் விமானங்களை எப்படித் தரையிறக்கினார்கள் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஓடுபாதை விளக்குப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன், பைலட் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கே: மின்விளக்கு வருவதற்கு முன்னால் ஓடுபாதையில் என்ன வைத்தார்கள் சார்?

ப: கூஸ்நெக். பூவாளி மாதிரி ஒரு தகரப் பாத்திரம். உள்ளே மண்ணெண்ணெய், மூக்கின் நுனியில் தடித்த திரி. வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். காற்றின் திசை மாறினால் எல்லாவற்றையும் தூக்கிப்போய் வேறு பக்கம் அடுக்க வேண்டும்.

கே: விளக்கின் சக்தியைக் கூட்டினால் மூடுபனியில் தெரியாதா?

ப: இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிறார்கள். சக்தியை இருமடங்காக்கினால் தெரியும் தூரம் இருமடங்காகாது, கொஞ்சம்தான் கூடும். அதற்கு மேல் போனால் கண் கூசும், பைலட்டுக்கு எதிரே வெள்ளைச் சுவர்தான்.

கே: ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்குத் தனி விளக்கு இருந்ததாமே?

ப: ஸ்காட்லாந்தில் டிரெம் என்ற தளம். 1940-ல் அங்கே பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் அட்சர்லி அமைத்தது. ஸ்பிட்ஃபயரின் நீண்ட மூக்கு முன்னால் இருப்பதை மறைத்துவிடும். எதிரி மேலே இருந்து பார்த்தாலும் வெளிச்சம் தெரியக்கூடாது. அதனால் மூடி போட்ட விளக்குகள், இறங்கி வருகிறவன் கண்ணுக்கு மட்டும்.

கே: ஃபைடோ என்றால் என்ன அண்ணே? நெருப்பு வைத்து விமானம் இறக்கினார்களா?

ப: ஆமாம், இறக்கினார்கள். 1942-ல் சர்ச்சில் கட்டளையிட, பெட்ரோலியப் போர்த்துறை கையில் எடுத்தது. ஓடுபாதையின் இரு பக்கமும் குழாய் பதித்து பெட்ரோலை எரிப்பது. காற்றைச் சில பாகை சூடாக்கினால் அது கூடுதல் ஈரத்தைத் தாங்கும், மிதக்கும் துளிகள் ஆவியாகிவிடும். அவ்வளவுதான் தத்துவம். சிக்கல் புகையில் இருந்தது. பெட்ரோலை அப்படியே கொளுத்தினால் கரும்புகை வந்து மூடுபனியோடு சேர்ந்துகொள்ளும். அதனால் அந்தத் தீயாலேயே குழாயைச் சூடாக்கி, பெட்ரோலை ஆவியாக்கி எரித்தார்கள், புகை அடங்கியது. கிரேவ்லி தளத்தில் 1943 தொடக்கத்தில் விமானப்படை அதிகாரி டான் பென்னட் முதலில் இறங்கிப் பார்த்தார். சர்க்கஸில் சிங்கம் நெருப்பு வளையத்தில் பாயும் நினைவு வந்ததாம் அவருக்கு.

கே: அப்படியானால் தீயின் வெளிச்சத்தில்தானே இறங்கினார்கள்?

ப: இல்லை. சூடு, சூடு. செந்நிற ஒளி தூரத்திலேயே தெரிந்தது கூடுதல் லாபம்.

கே: மணிக்கு லட்சம் கேலன் அளவுக்கு எரித்ததாகப் படித்தேன். போர்க்காலத்தில் இது ஊதாரித்தனம் இல்லையா?

ப: 1943 டிசம்பர் 16 இரவைப் பாருங்கள். பெர்லினில் குண்டு போடப் போன லங்காஸ்டர் விமானங்களில் 25 திரும்பவில்லை. திரும்பி வந்தவற்றிலும் சுமார் 30, தாழ்ந்த மேகத்திலும் பனியிலும் தளத்தைக் காணாமல் நொறுங்கின, அல்லது ஆட்கள் குதித்துக் கைவிட்டார்கள். ஒரு லங்காஸ்டரில் 7 பேர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: அந்த பெட்ரோலும் நீர்மூழ்கிகளுக்குத் தப்பி அட்லாண்டிக் கடந்து வந்தது சார். மாலுமிகள் உயிரைக் கணக்கில் சேர்க்கவில்லையே!

ப: நியாயமான அடி. நான் விமானத்தளத்து ஆள், கப்பலை மறந்துவிட்டேன். ஆனாலும் அதைத் தினமும் எரிக்கவில்லை, மூடுபனி இரவுகளில் மட்டும். பிரிட்டனில் 15 தளங்கள், இறங்கிய விமானங்கள் சுமார் 2,500, ஆட்கள் 10,000 வரை. நான் பெட்ரோல் பக்கம்தான் நிற்பேன்.

கே: அப்போ போகி அன்று மீனம்பாக்கத்தில் இதைச் செய்யலாமே?

ப: போகியில் பிரச்சினையே புகைதானே ஐயா! பழைய பாயை எரிக்காமல் இருந்தால் போதும்.

கே: ரேடியோ அலையால் விமானத்தை இறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ். எப்படி வேலை செய்கிறது?

ப: ரேடியோக்காரரிடம் கேளுங்கள்.

கே: போருக்குப் பிறகு என்ன மாற்றம்?

ப: எனக்குப் பிடித்த கேள்வி. ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் இ. எஸ். கால்வர்ட் என்றொருவர். மேகத்தைக் கிழித்து வெளியே வரும் பைலட்டுக்குச் சில நொடிகள், சில விளக்குகள். ஒரே நேர்கோடு மட்டும் இருந்தால், விமானம் பக்கவாட்டில் விலகியிருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. அதற்காகக் குறுக்குக் கோடுகளைச் சேர்த்தார், அவை செயற்கைத் தொடுவானம். ஓடுபாதைக்கு முன்னால் 900 மீட்டர் நடுக்கோடு, 150 மீட்டருக்கு ஒன்றாக 5 குறுக்குக் கோடு. நடுக்கோட்டில் தூரத்து 300 மீட்டருக்கு மும்மூன்று விளக்கு, அடுத்ததில் இரண்டிரண்டு, கடைசியில் ஒற்றை. எண்ணிக்கையைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். குறுக்குக் கோட்டில் பல்பு போனால் மழையிலும் போய் மாற்றியிருக்கிறேன், முணுமுணுத்தபடிதான்.

கே: சார், ஃபைடோ தீ வெளிச்சம் எவ்வளவு வாட்ஸ்?

ப: மேலே படிங்க தம்பி.