முதல் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் கேரிசன் பட்டாலியனைப் பற்றித் தேட எங்கிருந்து தொடங்குவது?

போர் நாட்குறிப்பு (படைப்பிரிவு நாள்தோறும் எழுதிவைத்த பதிவு) எங்கேயும் கிடைக்கவில்லை, வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் பட்டாலியனைத் தேடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, அதிலிருந்த ஓர் ஆளைத் தேடத் தொடங்குங்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் எங்கள் தெருவில் ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். ஒருநாள் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். தலையில் டோப்பி, பிரம்பு நாற்காலி, பின்னால் ஸ்டுடியோ திரை. படத்தின் முதுகில் பென்சிலில் கேரிசன் பட்டாலியன் என்றும் 1917 என்றும் எழுதியிருந்தது. ரெஜிமென்ட்டின் பெயர் இருந்த மூலை கரையான் அரித்துப் போயிருந்தது. "எங்க தாத்தா சோல்ஜர்தான். ஆனா சண்டைக்குப் போகாத சோல்ஜர்னு அம்மா சொல்லுவாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அந்தக் குரலுக்காகத்தான் நான் இதில் இறங்கினேன்.

கேரிசன் பட்டாலியன் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டாலியன் என்பது ஒரு ரெஜிமென்ட்டின் கீழ் வரும் படைப்பிரிவு. முன்னணிச் சண்டைக்குத் தகுதியில்லாதவர்களைக் கொண்டு காவல் வேலைக்கு அமைத்ததுதான் கேரிசன் பட்டாலியன். 1914ல் போர் தொடங்கியபோது இந்தியாவில் 52 பிரிட்டிஷ் காலாட்படை பட்டாலியன்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சில மாதங்களுக்குள் ஐரோப்பாவுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தை நிரப்ப டெரிட்டோரியல் (பகுதிநேரத் தொண்டர்) படைகள் வந்தன. 43ஆவது வெசெக்ஸ் டிவிஷன் 1914 அக்டோபரில் கப்பலேறியது, வருடம் முடிவதற்குள் இன்னும் இரண்டு டிவிஷன்கள் கிளம்பின. அப்புறம் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) போர் வந்தது. இந்தியாவில் பயிற்சி பெற்றுத் தேறிய டெரிட்டோரியல்கள் ஒவ்வொன்றாக பாஸ்ராவுக்குப் போகத் தொடங்கினார்கள். ஹாம்ப்ஷையர் ரெஜிமென்ட்டின் 1/4ஆவது பட்டாலியன் (நான்காவது பட்டாலியனின் முதல் பிரிவு) போனது, அதில் ஒரு பகுதி 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரம் விழுந்தபோது கைதானது. அப்படிக் காலியான கன்டோன்மென்ட்களுக்குத்தான் கேரிசன் பட்டாலியன்களை அனுப்பினார்கள்.

பெட்ஃபோர்ட்ஷையர் ரெஜிமென்ட் இப்படி மூன்றை அமைத்தது. முதலாவது 1915 டிசம்பரில் உருவாகி 1916 பிப்ரவரியில் இந்தியாவுக்குப் புறப்பட்டது. இரண்டாவது அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. மூன்றாவது 1917ல் அமைக்கப்பட்டு பர்மா வரை போனது. மான்செஸ்டர், நார்ஃபோக், லிங்கன்ஷையர், சாமர்செட் என்று வேறு பல ரெஜிமென்ட்களும் அனுப்பின.

இவற்றில் இருந்தவர்கள் யார்? இங்கேதான் உங்கள் தேடலின் சாவி இருக்கிறது. அன்றைய ராணுவ மருத்துவர்கள் ஆட்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். ஏ என்றால் முன்னணிக்குத் தகுதி. பி என்றால் பெரிய நோய் எதுவும் இல்லை, பிரான்ஸில் பின்னணி வேலைக்கோ வெப்ப நாடுகளின் கோட்டைக் காவலுக்கோ தாங்குவார் என்று பொருள். பி-யிலேயே முதல் தரம் என்றால் ஐந்து மைல் நடக்க வேண்டும், கண்ணாடி போட்டாவது குறிபார்த்துச் சுட வேண்டும், காது நன்றாகக் கேட்க வேண்டும். வயதான பழைய சிப்பாய்கள், பார்வை மங்கியவர்கள், பிரான்ஸிலும் துருக்கியின் கலிப்பொலியிலும் அடிபட்டு முழுதாகத் தேறாதவர்கள், இவர்களைச் சேர்த்து அமைத்ததுதான் கேரிசன் பட்டாலியன். அதில் இருந்த ஆளுக்குப் பெரும்பாலும் வேறொரு ரெஜிமென்ட்டில் ஒரு முன்கதை இருக்கும். வேறு சிப்பாய் எண்ணும் இருக்கும். பட்டாலியனின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் அந்த முன்கதை உங்கள் கண்ணில் படாது.

நாட்குறிப்பு கிடைக்காததற்கும் காரணம் எளிது. போர் நாட்குறிப்பு போர்க்களத்தில் இருந்த பிரிவுகள் எழுத வேண்டியது. கோட்டை வாசலில் காவல் நின்ற பிரிவு போர்க்களத்தில் இருந்ததாகக் கணக்கில் வரவில்லை. லண்டனுக்கு அருகே கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆபீஸ், அதாவது பிரிட்டிஷ் போர் அலுவலகக் கோப்புகள்) நானும் பல மாதங்கள் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆன்ட்டியின் தாத்தா விஷயத்தில் கதவைத் திறந்தது ராணுவக் காகிதம் எதுவும் கிடையாது. கல்யாணப் பதிவு. கன்டோன்மென்ட் சர்ச்சில் நடந்த திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றுக்கும் பாதிரியார்கள் நகல் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நகல்கள் லண்டனில் இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்து வரிசையில் உள்ளன: என்/1 வங்காளம், என்/2 மெட்ராஸ், என்/3 பம்பாய். ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் ஸ்கேன் செய்த பக்கங்களையே பார்க்கலாம். கட்டணம் உண்டு. கத்தோலிக்கத் திருமணங்கள் இதில் பல விடுபட்டிருக்கும் என்பதை மனதில் வையுங்கள். அவற்றுக்கு அந்தந்தக் கோவிலின் மூலப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

1918ஆம் வருடத்து மெட்ராஸ் பக்கம் ஒன்றில் அவர் இருந்தார். வயது, பதவி, ரெஜிமென்ட், பட்டாலியன், தங்கியிருந்த ஊர், தந்தையின் பெயர், எல்லாம் ஒரே வரியில். கரையான் தின்ற மூலை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. குடும்பத்தார் விரும்பாததால் ரெஜிமென்ட்டின் பெயரை இங்கே எழுதவில்லை.

பெயரும் பட்டாலியனும் கிடைத்ததும், சிப்பாய்க்கு என்னென்ன மெடல் என்று குறித்துவைத்த மெடல் அட்டைக்குப் போனேன். டபிள்யூ.ஓ. 372 என்பது அந்த அட்டைகள், டபிள்யூ.ஓ. 329 மெடல் பட்டியல்கள். கேரிசன் ஆட்களைத் தேடுபவர்களுக்கு இந்த அட்டை பெரிய உதவி. ஏனென்றால் போர் முழுக்க இந்தியாவில் மட்டுமே இருந்த சிப்பாய்க்குப் பிரிட்டிஷ் வார் மெடல் ஒன்றுதான் கிடைக்கும், விக்டரி மெடல் கிடையாது. ஒரே மெடல் என்றால் நேராக இங்கே வந்தவர் என்று ஊகிக்கலாம். இரண்டு இருந்தால் வேறெங்கோ போர்க்களத்தில் நின்றிருக்கிறார். 1914-15 ஸ்டாரும் இருந்தால் அட்டையிலேயே எந்தத் தேதியில் எந்தப் போர்முனைக்குப் போனார் என்று எழுதியிருக்கும்.

அவருடைய அட்டையில் மூன்றும் இருந்தன. ரெஜிமென்ட் இரண்டு, எண் இரண்டு. பிரான்ஸில் காலெடுத்து வைத்தது 1915ல்.

அச்செடுத்து எடுத்துக்கொண்டு போய் ஆன்ட்டியிடம் படித்துக் காட்டினேன். "அப்போ சண்டைக்குப் போயிருக்காரா?" என்று கேட்டார். போயிருக்கிறார், அடிபட்ட பிறகுதான் இங்கே வந்திருக்க வேண்டும் என்றேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டு ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

எப்படி அடிபட்டார் என்பது தெரியாமலே போகலாம். சிப்பாய்களின் பணிப்பதிவுகள் இருந்த லண்டன் கிடங்கில் 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து பாதிக்கும் மேல் எரிந்துபோயின. மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363. ஓரம் கருகிய பக்கங்களைப் பார்க்கும்போது மனசு கனக்கும். ஓய்வூதியம் வாங்கியவர்களின் கோப்புகள் டபிள்யூ.ஓ. 364ல் தனியாகத் தப்பின. உங்கள் ஆளுக்கு அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டில் ஒன்றில் இருப்பார். அதில் எத்தனை நாள் இங்கிலாந்தில், எத்தனை நாள் இந்தியாவில் என்று தேதியோடு ஒரு தாள் வரும், அதைத் தவறவிடாதீர்கள். 1918ல் இங்கிலாந்தில் வெளியான ஊரில் இல்லாத வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். வெளியூரில் இருக்கும் சிப்பாயின் எண்ணும் பிரிவும் அவர் வீட்டு முகவரியும் அதில் சேர்ந்தே இருக்கும்.

சரி, ஆள் கிடைத்தார். பட்டாலியன் எங்கெங்கே இருந்தது என்பதை எப்படிக் கட்டுவது? நான் செய்தது இது. இறந்தவர்களிடமிருந்து தொடங்கினேன். நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையில், மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள கல்லறைகள் இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தவை. ஆனால் அதே வளாகத்தில் 1914-1918 நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. பராமரிக்க முடியாமல் போன பழைய கன்டோன்மென்ட் கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. புனேயில் கிர்க்கீயில் இதே போன்ற ஒன்று, அதில் 1,800க்கும் மேல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் ரெஜிமென்ட்டையும் நாட்டையும் கொடுத்துத் தேடி, கேரிசன் பட்டாலியன் என்று வருபவர்களை மட்டும் பிரித்தெடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். பிறகு சிப்பாய்களின் பாக்கிச் சம்பளம் தீர்த்த பதிவேடுகளில் ஒவ்வொருவரும் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று பார்த்துக் குறித்தேன். தேதியும் ஊரும் சேர்ந்ததும் பட்டாலியன் இடம்பெயர்ந்த பாதை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. 1918 அக்டோபரில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இன்ஃப்ளுயன்ஸா. அந்த வரிகளில் நிதானமாக நில்லுங்கள். ஐந்து மைல் நடக்க முடியும் என்று எழுதி அனுப்பப்பட்ட ஆட்கள் அவர்கள்.

எச்சரிக்கை ஒன்று. பட்டாலியன் முழுதும் ஒரே ஊரில் இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு கம்பெனி கோட்டையில், ஒன்று மலைமேல், இன்னொன்று கைதிகள் முகாமில் என்று சிதறிக் கிடப்பார்கள். அகமதுநகரில் ஜெர்மானியர்களை அடைத்த முகாமும் பர்மாவில் தாயெத்மியோவில் துருக்கியக் கைதிகள் முகாமும் இருந்தன. செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் 1917ல் இந்தியா, பர்மா முகாம்களைப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கைகள் அச்சில் வந்தவை. முகாம் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய நல்ல வழி. இன்னொரு குழப்பமும் வரும். கேரிசன் என்ற சொல்லைப் பார்த்ததும் ராயல் கேரிசன் ஆர்ட்டிலரி என்று சிலர் குறித்துவிடுகிறார்கள். அது பீரங்கிப் படை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைத் தேடும்போது நாம் தாண்டிப்போக முடியாத பக்கமும் ஒன்று உண்டு. இவர்கள் இங்கே காவல் நின்றது நம் மக்கள்மீதும்தான். 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் இருந்த பிரிட்டிஷ் காலாட்படை சாமர்செட் லைட் இன்ஃபன்ட்ரியின் ஒரு கம்பெனி. 1917ல் வந்த கேரிசன் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் சுட்டவர்கள் ஜெனரல் டயர் கூட்டிச் சென்ற கூர்க்கா, இந்தியச் சிப்பாய்கள். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் அந்த ஊரில் என்ன படை எங்கே நின்றது என்பது அந்தச் சம்பவங்களை விசாரித்த ஹண்டர் குழு 1920ல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. எந்தப் பட்டாலியனுக்கும் 1919ஐ விட்டுவிடாதீர்கள். போர் முடிந்தும் இவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. மே மாதம் ஆப்கன் போர் வந்தது. எல்லைக்குப் போனவர்களுக்குத் தனி மெடல் பட்டை கிடைத்தது, அதற்கும் தனிப் பட்டியல் உண்டு.

இந்தியாவிலேயே தேட விரும்பினால் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். ராணுவத் துறைக் கோப்புகள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். பட்டாலியனின் பெயரைவிட ஊரின் பெயரைக் கொடுத்துத் தேடினால்தான் அதிகம் வரும், அதுவும் அந்தக் கால எழுத்துக்கூட்டலில். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கன்டோன்மென்ட் சம்பந்தமான அரசாணைகள் கிடைக்கும். அதிகாரிகளின் பெயர்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஏற்றிவைத்திருக்கும் ராணுவப் பட்டியல்கள் இலவசம்.

எனக்கு இன்னும் பாக்கி இருப்பது டபிள்யூ.ஓ. 73. எந்தப் பிரிவு எந்த ஊரில் இருந்தது என்று மாதாமாதம் எடுத்த கணக்கு அது. கியூவுக்கு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். லண்டனில் படிக்கும் என் அக்கா மகள் வரும் டிசம்பர் விடுமுறையில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆன்ட்டியின் தாத்தா 1918 கோடையில் எந்த ஊரில் இருந்தார் என்பது அதில் தெரிந்துவிடும் என்று நம்புகிறேன். உங்கள் பட்டாலியனின் பெயரையும் எந்த வருடங்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், அவளிடம் சேர்த்தே கொடுக்கிறேன்.